கழுதைக்குக் குறைந்த தண்டனை

"தங்கள் மகன் ஒரு கழுதை. நாளைக் காலை நீதிபதியின் முன் நாம் நிரூபிக்க வேண்டியது இது ஒன்றுதான்" என்றார் வக்கீல் விட்லாக், வெங்காய வயலின் நடுவே நின்றுகொண்டு.

அவர் ஸ்பானிஷ் மொழியைப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறியவர். அதனால் அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் இலக்கணம் பிசகாமல், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வரும். கழுதை என்று சொன்னாலும் 'தங்கள்' என்றுதான் சொல்வார். ஒதிலியா தொலைபேசியை எடுக்கவே இல்லை என்பதால் நகரத்திலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வளைகுடாப் பக்கமிருந்து அடித்த ஏப்ரல் காற்று வெங்காயச் சருகைக் கிளப்பி அவருடைய கறுப்புக் கோட்டின் மேல் ஒட்டவைத்துக்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். காற்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவந்து ஒட்டியது.

ஒதிலியா நிமிரவில்லை. அந்த வயலில் அவள்தான் மேஸ்திரி. ஆள் பிடிப்பது, வண்டியில் ஏற்றி வருவது, தண்ணீர்ப் பீப்பாய் நிரப்புவது, யாராவது மயங்கி விழுந்தால் நிழலுக்கு இழுத்துப் போடுவது எல்லாம் அவள் வேலை. இருந்தாலும் கத்தரியைக் கீழே வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. வேருக்கு ஒரு வெட்டு, தாளுக்கு ஒரு வெட்டு, வெங்காயம் வாளிக்குள். வாளி நிறைந்தால் சாக்கு. சாக்கு நிறைந்தால் அடுத்த சால்.

"கழுதையா?" என்றாள்.

"அது ஒரு தொழிற்சொல், அம்மணி. பொருளைச் சுமந்து செல்பவர். அப்பொருளுக்கு உரிமையாளர் அல்லர். திட்டம் தீட்டியவர் அல்லர். எவருக்கும் கட்டளையிட்டவர் அல்லர். அறிவிலும் ஆற்றலிலும் மிகச் சிறியவர். எவ்வளவுக்குச் சிறியவர் என்று காட்டுகிறோமோ அவ்வளவுக்குத் தண்டனையும் சிறியதாகும்."

பக்கத்துச் சாலில் குந்தியிருந்த கிளெமென்சியா தலையைத் தூக்கினாள். "வக்கீலய்யா, அப்படின்னா என் புருஷனை எந்தக் கோர்ட்டும் தொடவே முடியாதே! வேணும்னா கூட்டிட்டு வரவா?"

சால் முழுக்கச் சிரிப்பு ஓடியது. முகத்தில் துணி கட்டியிருந்தவர்கள் துணிக்குள்ளேயே சிரித்தார்கள். விட்லாக் அந்தக் கேள்வியைப் பரிசீலித்தார். "தங்கள் கணவர் மீது தற்போது வழக்கு ஏதும் உள்ளதா?" என்று கேட்டார். சிரிப்பு இன்னும் கூடியது.

வழக்கு இதுதான். ஒதிலியாவின் மகன் எலியாசர் வெங்காய லாரி ஓட்டுகிறவன். வடக்கே போகிற நெடுஞ்சாலையில், காவல் சாவடியில், நாய் ஒன்று லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் அமைதியாக உட்கார்ந்துகொண்டது. அந்த நாய் உட்கார்ந்தால் மனிதர்கள் உட்கார வேண்டியதுதான். சாக்குகளுக்கு அடியில் மெத் என்கிற போதைப்பொருள் பொட்டலம் பொட்டலமாக இருந்தது. அந்த எடைக்குக் குறைந்தது பத்து வருடம் என்று சட்டத்திலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நீதிபதி நல்லவரா, காலையில் என்ன சாப்பிட்டு வந்தார் என்பதெல்லாம் கணக்கில் வராது. ஆனால் ஒரே ஒரு பின்வாசல் உண்டு. பழைய குற்றம் இருக்கக் கூடாது. தெரிந்ததையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். முக்கியமாக, யாருக்கும் முதலாளியாகவோ மேஸ்திரியாகவோ இருந்திருக்கக் கூடாது. அப்படி இருந்தால் நீதிபதி பத்துக்குக் கீழே இறங்கலாம்.

எலியாசருக்குப் பழைய குற்றம் இல்லை. தெரிந்ததைச் சொல்லியும் விட்டான். தெரிந்தது ஒரே ஒரு பெயர். அதுவும் போலீஸிடம் ஏற்கெனவே இருந்தது.

"மூன்றாவதுதான் நூலிழையில் தொங்குகிறது" என்றார் விட்லாக். "லாரியில் மூட்டை இறக்கும் இருவர் உடன் இருந்தனர் அல்லவா? அவர்களுக்கு எதுவும் தெரியாது என்று விடுவித்துவிட்டார்கள். ஆனால் தங்கள் மகன்தான் அவர்களை ஏவி வேலை வாங்கினார் என்று அரசு வழக்கறிஞர் எழுத விரும்பினார். பல மாதம் வாதாடி அதை நீக்கியிருக்கிறேன். ஆகவே நாளை அவ்விருவரைப் பற்றி எவரும் பேசலாகாது. அவர்கள் தாமாக ஏறினார்கள். தாமாக அமர்ந்திருந்தார்கள்."

"மூட்டை தூக்குறவன் தானா ஏறி உக்காருவானா? அதைக் கேட்டா மாடு சிரிக்கும்."

"மாடு சாட்சி சொல்ல வராது, அம்மணி. தாங்கள் வருவீர்கள். 'என் மகன் எளியவன், எவர் சொல்லுக்கும் கட்டுப்படுபவன்' என்று சொன்னால் போதும்."

ஒதிலியா கத்தரியால் ஒரு அழுகல் வெங்காயத்தைக் குத்தி எடுத்தாள். உள்ளே கூழாகி நாறியது. அதைத் தூர எறிந்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

அந்த ஊரில் ஒரு ஆண்பிள்ளையைப் பற்றி நல்லதாகச் சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் உண்டு. தனக்குக் கீழே நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறான். படித்திருக்கிறான், பக்தியானவன், குடிக்காதவன் என்பதெல்லாம் பெண் கொடுக்க வருகிறவர்கள் இதற்கப்புறம் கேட்பது. எலியாசருக்கு லாரியும் இரண்டு ஆட்களும் கிடைத்த அன்று, ஒதிலியா மொத்தக் கூட்டத்துக்கும் மாட்டுத்தலைக் கறி சமைத்து, வயலிலேயே சுடச்சுட ரொட்டியில் சுற்றிக் கொடுத்தாள். நாலு பேர் இல்லை, ரெண்டு பேர்தான். ஆனாலும் ஆரம்பம்.

"என் வீட்டுல கழுதை கிடையாது" என்றாள். "வேணும்னா உங்க வீட்டுல தேடிப் பாருங்க."

விட்லாக் குனிந்து வணங்கிவிட்டு, சருகுகளோடு காருக்குப் போனார்.

சாயங்காலம் வீட்டில் மருமகள் ஸுலேமா அடுப்படியில் நின்று, மறுநாள் காலைக்கு முட்டையும் உலர்ந்த இறைச்சியும் கிண்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வீட்டிலும் இருநூறு பேருக்குக் கிண்டுகிற வேகத்திலேயே கிண்டுவாள்.

"அத்தை, நாளைக்கு நீங்க பேச வேணாம். நான் பேசிடறேன்."

"உனக்கு என்ன தெரியும்? அழத் தெரியும்."

"அழுதாத்தான் குறைப்பாங்களாம்."

"யாரு சொன்னது?"

"கேன்டீன்ல எல்லாரும் சொல்றாங்க."

"ஆமா, உங்க கேன்டீன்ல தினம் பத்து நீதிபதி வந்து பால் குடிச்சிட்டுப் போறாங்க பாரு."

ஸுலேமா கரண்டியை வைத்தாள். "பத்து வருஷம்னா பாப்பாவுக்குப் பதினஞ்சு ஆயிடும் அத்தை. பதினஞ்சாவது பிறந்தநாள் விருந்துல அப்பன்கூட ஆடாத பொண்ணைப் பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன். மாமன்கூட ஆடினா. ஊரே பந்தி முன்னால உக்காந்துக்கிட்டு அப்பன் எங்கன்னு கணக்குப் போட்டுச்சு."

"தோபியாஸ் வந்து ஆடுவான். அவன்தானே ஞானத்தகப்பன்."

சொல்லிவிட்டு ஒதிலியா வாசலில் போய்த் துப்பினாள்.

எலியாசருக்குத் தெரிந்திருந்த அந்த ஒரு பெயர் தோபியாஸ். லாரிகளெல்லாம் அவனுடையவை. பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு மெத்தை அளவு கேக் கொண்டுவந்தவன். கோயிலுக்குப் புது மணி வாங்கிக் கொடுத்து, அதில் தன் பெயரை வெட்டச் சொன்னவன். இப்போது அவனும் உள்ளே இருந்தான். அவனுக்கும் நாளைக்குத்தான் தீர்ப்பு, அதே நீதிபதியிடம்.

"எலியாசருக்குப் பத்துன்னா தோபியாஸுக்கு அம்பது குடுக்கணும்" என்றாள் ஒதிலியா. "அது நடந்தா நான் அந்தக் கோர்ட்டை நம்பறேன்."

நீதிமன்றம் வெங்காயக் குளிர்பதனக் கிடங்கைவிடக் குளிராக இருந்தது. கிடங்கிலாவது வாசனை உண்டு. இங்கே எதற்கும் வாசனை இல்லை. வாசலில் காவலர் ஸுலேமாவின் உணவுப் பொட்டலத்தைத் திறந்து பார்த்து, மூடி, குப்பைத் தொட்டியில் போட்டார். "உள்ளே உணவுக்கு அனுமதி இல்லை" என்றார். குற்றவாளிகளை உள்ளே கொண்டுவர எவ்வளவு சங்கிலி வேண்டுமானாலும் உண்டு. முட்டை ரொட்டிக்குத்தான் அனுமதி இல்லை.

காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். அதற்குள் மொழிபெயர்க்கிற பெண்மணியின் குரல் வந்தது. யார் எதைச் சொன்னாலும் அந்தக் குரல் ஏறாது, இறங்காது.

நீதிபதி வயதானவர். வாயில் இருமல் மிட்டாய் ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தார். பேசும்போது அது பல்லில் தட்டுகிற சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. குற்றவாளிகள் ஆரஞ்சு உடையில், கையும் காலும் சங்கிலியில், சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எலியாசர் மூன்றாவது. தாடி வைத்திருந்தான். தலையைத் தூக்கவில்லை.

முதலில் ஒருத்தி. எல்லை ஆற்றின் அக்கரையிலிருந்து பாலம் வழியாக நடந்து வந்தவள். செருப்பின் அடியிலும் இடுப்பிலும் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். எடை என்ன என்று நீதிபதி கேட்டார். சொன்னார்கள். அதில் கலப்பட மாவு எவ்வளவு என்று அவளுடைய வக்கீல் எழுந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கலப்படமும் எடையில் சேரும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். ஒதிலியாவுக்கு அது விளங்கவே இல்லை. வெங்காய மண்டியில்கூட மண்ணுக்குக் கழிவு உண்டு. இங்கே மாவுக்கும் சேர்த்து ஜெயிலா?

யார் கொடுத்தது என்று அந்தப் பெண் சொல்லவில்லை போலிருந்தது. "இன்னும் சொல்ல விருப்பமில்லையா?" என்று நீதிபதி கேட்டார்.

"என் பிள்ளைங்க அந்தக் கரையில இருக்காங்க, ஐயா" என்றாள் அவள்.

"அது உங்கள் முடிவு."

மிட்டாய் இடதிலிருந்து வலதுக்குப் போனது. நூற்றிருபது மாதம். இங்கே வருடத்தில் சொல்ல மாட்டார்கள், மாதத்தில்தான் சொல்வார்கள். கைக்குழந்தைக்கு வயது சொல்வது மாதிரி.

"கழுதைக்குப் பத்து வருஷம்" என்று ஒதிலியா ஸுலேமாவின் காதில் சொன்னாள். "அந்தக் கோட்டு போட்டவன் என்னமோ கழுதைக்குக் குறைப்பாங்கன்னான்?"

"அவ வாயைத் திறக்கல அத்தை. அதனாலதான்."

இரண்டாவது தோபியாஸ். சவரம் செய்து, முடி வாரி வந்திருந்தான். ஆரஞ்சு உடைகூட அவனுக்குத் தைத்த மாதிரி இருந்தது. அரசு வழக்கறிஞர் எழுந்தாள். சின்னப் பெண். நகமெல்லாம் அவ்வளவு சுத்தம். இவர் பல ஓட்டுநர்களையும் பல வாகனங்களையும் நிர்வகித்த தலைவர் என்றாள். ஒதிலியா முன்னே சாய்ந்து உட்கார்ந்தாள். வரட்டும் ஐம்பது.

அப்போது இரண்டு பக்கத்து வக்கீல்களும் நீதிபதியின் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். ஒலிபெருக்கியில் உஸ்ஸென்று ஒரு இரைச்சலைப் போட்டுவிட்டார்கள், யாருக்கும் கேட்காதபடி. காதிலிருந்த குரலும் நின்றுவிட்டது. கூடம் முழுக்க அந்த இரைச்சல், பஞ்சரான டயர் மாதிரி. மேசையருகே தலைகள் ஆடின. நீதிபதி தோபியாஸைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

இரைச்சல் நின்றது. "உங்களுடைய முயற்சிகளை இந்த நீதிமன்றம் பாராட்டுகிறது" என்றது காதிலிருந்த குரல். இருபத்துநாலு மாதம்.

ஒதிலியா அதை வருடமாக்கிப் பார்த்தாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் முப்பது வருடம் ஆட்களை மேய்த்தவள் அவள். எந்த வயலுக்குப் போனாலும் யார் கை ஓங்கியிருக்கிறது, முதலாளி யாருக்குத் தலையாட்டுகிறான் என்று அரை மணி நேரத்தில் பிடித்துவிடுவாள். இங்கேயும் பிடித்துவிட்டாள். நடந்து வந்த ஏழைக்குப் பத்து. லாரி வைத்திருந்த தலைவனுக்கு இரண்டு, அதோடு ரகசியமாக ஒரு மரியாதை, பாராட்டு வேறு. அந்த வக்கீல் ஒரு மடையன். உலகம் முழுக்க எப்படியோ இங்கேயும் அப்படித்தான். பெரிய ஆளாக இருந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

எலியாசரை நிறுத்தினார்கள். விட்லாக் அவன் எவ்வளவு சிறியவன் என்று இங்கிலீஷில் கொஞ்ச நேரம் பேசினார். கடைசியில், குடும்பத்தார் யாராவது பேச விரும்புகிறார்களா என்று நீதிபதி கேட்டார். ஸுலேமா எழுவதற்குள் ஒதிலியா நடையில் இறங்கிவிட்டாள்.

"ஐயா, வணக்கம். நான் ஒதிலியா. வெங்காயக் கூட்டத்துக்கு மேஸ்திரி. என் மகனைப் பத்தி அந்த வக்கீல் என்னென்னமோ சொன்னாரு. அதெல்லாம் கிடையாது. என் மகன் சின்ன ஆள் இல்ல. அவனுக்குக் கீழ ரெண்டு பேர் வேலை பாத்தாங்க. இவன் சொல்லாம அவனுங்க ஒரு கயித்தைக்கூட அவுக்க மாட்டானுங்க. எங்க ஏறணும், எங்க எறங்கணும், எந்த மூட்டை முதல்ல, எல்லாம் இவன்தான். வேலையும் வாங்குவான், சோறும் வாங்கிக் குடுப்பான். பொறுப்பான ஆளு. இப்ப முன்னால வந்தாரே, அவருக்குக் குடுத்த மரியாதையை இவனுக்கும் குடுங்கன்னு கேட்டுக்கறேன்."

இவ்வளவு நேரம் குனிந்திருந்த எலியாசரின் தலை நிமிர்ந்தது. ஜெயிலுக்குப் போனதிலிருந்து அவன் முதுகு நேராக நின்று அவள் பார்த்ததில்லை. சங்கிலியோடேயே நெஞ்சை விரித்து நின்றான். அந்த ஒரு கணம் அவன் அப்பன் மாதிரியே இருந்தான்.

அரசு வழக்கறிஞர் எழுந்தாள். விட்லாக் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க வேண்டியவர் உட்கார்ந்துவிட்டார் என்பதை ஒதிலியா கவனித்தாள்.

"அந்த இருவரும் இவர் சொற்படிதான் நடந்தார்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"பின்னே?"

மிட்டாய்ச் சத்தம் நின்றது. நீதிபதி எதையோ எழுத ஆரம்பித்தார்.

"அத்தை!" ஸுலேமா தடுப்புக் கட்டைக்குப் பின்னாலிருந்து கத்தியேவிட்டாள். "என்ன பண்ணிட்டீங்க! ஆளை ஏவினான்னு ஆயிட்டா அந்த வாசல் மூடிக்கும்! பத்து வருஷம் அத்தை! பத்துக்குக் கீழ அவராலேயே இறங்க முடியாது!"

"அந்தத் தோபியாஸுக்கு..."

"அவன் ஆளுங்களைக் காட்டிக் குடுத்தான்! அந்த இரைச்சல் எதுக்குப் போட்டாங்கன்னு நெனைச்சீங்க?"

காவலர் ஒருவர் ஸுலேமாவிடம் வந்து உட்காரச் சொன்னார். ஒதிலியா மகனைப் பார்த்தாள். அவன் இன்னும் நிமிர்ந்துதான் நின்றான். ஸுலேமா சொன்னது அவனுக்கும் கேட்டிருக்கும். இருந்தும் அந்த முகத்தில் 'விடுங்கம்மா, சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்' என்பது மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. மடையன். பத்து வருடத்தைக் கொடுத்து ஒரு நல்ல வார்த்தை வாங்குகிற மடையன்.

"ஐயா, எழுதாதீங்க. ஒரு நிமிஷம்" என்றாள். "இப்ப சொன்னது மேஸ்திரி சொன்னது. அம்மா இன்னும் பேசல."

நீதிபதி பேனாவை வைக்காமல் நிமிர்ந்தார். "சொல்லுங்கள்."

"இவன் சொன்னா எங்க வீட்டு நாய்கூட எழுந்திருக்காது. இவனா ரெண்டு பேருக்கு உத்தரவு போட்டான்? அவனுங்கதான் இவனுக்கு வழி சொன்னானுங்க. இவனுக்கு வலது எது இடது எதுன்னு இன்னும் தெரியாது. ஒரு தடவை தர்பூசணி லோடை வேற யாரோ ஒருத்தன் மண்டியில எறக்கிட்டு, நன்றியும் சொல்லிட்டு வந்தவன். இருபத்தொன்பது வயசாகுது, காலையில நான் போர்வையை உருவலேன்னா இவனுக்கு விடியாது. கல்யாணத்தன்னிக்குக் கோயில் மாறிப் போய் வேற யாரோட கல்யாணத்துலயோ நின்னுட்டு இருந்தான். கேளுங்க, பொண்டாட்டி இதோ உக்காந்திருக்கா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒலிபெருக்கியில் அந்த மொழிபெயர்ப்புப் பெண்மணியின் குரல் எல்லாவற்றையும் ஏற்றமில்லாமல் இறக்கமில்லாமல் இங்கிலீஷாக்கிக்கொண்டிருந்தது. நாய், தர்பூசணி, போர்வை. நீதிபதி எழுதவில்லை. ஆனால் பேனாவையும் வைக்கவில்லை. இது போதாது என்று ஒதிலியாவுக்குத் தெரிந்தது. சந்தையில் விலை இறங்குகிற வரைக்கும் குறை சொல்லித்தான் ஆகவேண்டும். வெளியே இருக்கிற குறையெல்லாம் தீர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து எடுக்க வேண்டும்.

"அவன் அப்பன் மூச்சு வாங்கிட்டுக் கிடந்தாரு. மருந்துக்கு இவனை அனுப்பினேன். வழியில யாரோ கூப்பிட்டாங்க, பந்தாட்டம் பாக்க. போயிட்டான். மருந்து வந்தப்ப அவர் இல்ல. அன்னிக்கு நான் கேட்டேன், ஏண்டா போனேன்னு. 'கூப்பிட்டாங்கம்மா'ன்னான். அவ்வளவுதான் ஐயா இவன். யாரு கூப்பிட்டாலும் போவான். தோபியாஸ் கூப்பிட்டான், போனான். இப்ப நீங்க கூப்பிட்டா உங்க பின்னாடியும் வருவான். இவனுக்குன்னு உள்ளுக்குள்ள எதுவும் கிடையாது. இவனைப் போய் ஒருத்தன் மேஸ்திரின்னா, மேஸ்திரிங்களுக்கே கேவலம்."

யாரும் சிரிக்கவில்லை. மொழிபெயர்க்கிறவள் கடைசி வாக்கியத்துக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்தினாள். பிறகு அதையும் சொன்னாள்.

"இரண்டு விதமாகச் சொல்லிவிட்டீர்கள், அம்மா" என்றார் நீதிபதி. "எது உண்மை?"

"முதல்ல சொன்னது வயல்ல சொல்றது. ரெண்டாவது சொன்னது அடுப்படியில சொல்றது. வயல்ல நாங்க எல்லாருமே பொய் சொல்வோம் ஐயா. இல்லேன்னா யாருக்கும் அடுத்த நாள் எழுந்து வர மனசு வராது."

நீதிபதியின் வாயோரம் லேசாக அசைந்தது. அது சிரிப்பா, மிட்டாயா என்று தெரியவில்லை. எலியாசர் பக்கம் திரும்பினார். "உம் தாயார் இரண்டாவது சொன்னதை ஒப்புக்கொள்கிறீரா?"

எலியாசர் அம்மாவைப் பார்க்கவில்லை. நீதிபதியின் தலைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த கழுகுச் சின்னத்தைப் பார்த்தான். தோள் முதலில் இறங்கியது. பிறகு கழுத்து.

"ஆமாங்க" என்றான்.

அரசு வழக்கறிஞர் ஆட்சேபித்தாள். நீதிபதி கேட்டுக்கொண்டார். அப்புறம் பதிவுக்காக வாசித்தார். குற்றவாளி எவரையும் மேற்பார்வை செய்ததாக நிரூபிக்கப்படவில்லை. சுயமாக முடிவெடுக்கும் திறனற்றவர். அழைத்த பக்கம் செல்பவர். மிகச் சிறிய பங்கு வகித்தவர். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் மாதங்கள் கழிந்தன. நூற்றிருபதில் தொடங்கியது ஐம்பத்தாறில் வந்து நின்றது.

ஸுலேமா விரல் மடக்கிக் கணக்குப் போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாப்பாவுக்குப் பத்து வயதுகூட ஆகியிருக்காது.

எலியாசரைப் பக்கக் கதவு வழியாக அழைத்துப் போனார்கள். சங்கிலிச் சத்தம் கதவுக்கு அந்தப்பக்கம் போய், நின்றுவிட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பார்க்கவில்லை என்பதை ஸுலேமா கவனிக்கவில்லை. ஒதிலியா கவனித்தாள்.

வெளியே நீள நடையில் விட்லாக் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகத்தில் இப்போதுதான் ரத்தம் திரும்பியிருந்தது. "தங்கள் முதல் உரை என் ஆயுளில் சில ஆண்டுகளைக் குறைத்தது. இரண்டாவது உரையோ மிகச் சிறப்பு! அந்த மருந்துக் கதை, அற்புதம். முன்பே சொல்லியிருந்தால் எழுத்திலேயே சேர்த்திருப்பேன்."

"தோபியாஸ் எத்தனை பேரைச் சொன்னான்?"

"அது ரகசியம், அம்மணி. பொதுவாகச் சொல்வதானால், பெரியவர்களிடம் கொடுப்பதற்கு நிறையப் பெயர்கள் இருக்கும். கழுதையிடம் என்ன இருக்கும்? சுமை மட்டும்தானே." சொல்லிவிட்டு, தன் வாக்கியம் தனக்கே பிடித்துப்போய்த் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போனார்.

ஒதிலியாவின் வாயில் ஒரு கசப்பு நின்றது. சுவரில் குடிதண்ணீர்க் குழாய் இருந்தது. போய்க் குனிந்து வாயைக் கொப்பளித்தாள். குளிர்ந்த தண்ணீர். போகவில்லை. மறுபடி கொப்பளித்தாள்.

"அக்கா."

ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பத்தைந்து இருக்கும். பழைய ஆனால் கஞ்சி போட்ட சட்டை. கையில் ஒரு பையன் கழுத்தில் பதக்கத்தோடு நிற்கிற போட்டோ, கண்ணாடிச் சட்டத்தோடு. அதை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன் அக்கா. பத்தை நாலரையா ஆக்கிட்டீங்க. என்னை மத்தியானம் கூப்பிடுவாங்க. என் மகனும் லாரிதான். என்ன சொன்னாக் குறைப்பாங்க?"

"அந்தப் போட்டோ என்னத்துக்கு?"

"ஓட்டப்பந்தயத்துல முதல் பரிசு வாங்கினது. நீதிபதிகிட்டக் காட்டலாம்னு..."

"பைக்குள்ள வை. முதல் பரிசு வாங்கினவனுக்கு மூளை இருக்கும்னு எழுதிடுவாங்க."

அவள் அவசரமாகப் பைக்குள் திணித்தாள். கண்ணாடி எதிலோ இடித்தது.

"உன் மகன்கிட்ட இருக்கிற குறையைச் சொல்லு" என்றாள் ஒதிலியா.

"குறையா? அவன் நல்ல பிள்ளை அக்கா."

"அதை அங்க போய்ச் சொன்னே, பத்து. அழாத. அழுறதுக்குக் குறைக்கிறதில்ல. திட்டு. என்னையே நீதிபதின்னு நெனைச்சுக்கோ."

அந்தப் பெண் உதட்டைக் கடித்தாள். நடையில் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். "அவன்... கொஞ்சம் சோம்பேறி. துணியைக் கழட்டின இடத்துலயே போடுவான்."

"அது எல்லா ஆம்பளையும் பண்றது. அப்புறம்?"

"யாரு என்ன சொன்னாலும் நம்பிடுவான். சின்னதுலயே அப்படித்தான்."

"இது பரவால்ல. அங்கயே நில்லு. என்ன நம்பினான்?"

அவள் யோசித்தாள். முதலில் தயங்கித் தயங்கி வந்தது. அப்புறம், மகன் தன் தங்கச்சியின் ஸ்கூல் பணத்தை ஒருத்தனிடம் கொடுத்து ஏமாந்ததைச் சொன்னாள். அதைச் சொல்லும்போதே குரல் கெட்டியானது. அதற்கடுத்ததைச் சொல்லும்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. முகம் சிவந்து, கையை நீட்டி நீட்டி, பல வருடமாக யாரிடமும் சொல்லாததையெல்லாம் எடுத்து நடையில் கொட்டினாள். ஒதிலியா பார்த்துக்கொண்டே நின்றாள். இடையில் ஒரு முறை நிறுத்தி, "இதைக் கடைசியில சொல்லு. முதல்லயே சொன்னா மத்தது எடுபடாது" என்று வரிசையை மாற்றிக் கொடுத்தாள்.

அந்தப் பெண் மூச்சு வாங்கி நின்றாள். தான் சொன்னது தனக்கே இப்போதுதான் கேட்டது மாதிரி இருந்தது அவள் முகம்.

"போதும். இதே மாதிரி" என்றாள் ஒதிலியா.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? உங்க மகன் நெசமாவே அப்படித்தானா?"

ஸுலேமா காரை வாசலுக்குக் கொண்டுவந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். ஒதிலியா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆமான்னு அவனே சொல்லிட்டான்" என்றாள்.